கல்ஃப் வேலைக்கு ஏஜென்சி வழியாகப் போகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

2011இல் நான் முதல்முறை சவுதிக்குப் போனபோது ஏஜென்சி ஆபீஸ் வாசலைக்கூட மிதிக்கவில்லை. எங்கள் ஊரில் டிராவல்ஸ் போர்டு மாட்டியிருந்த ஒருவர் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். 90,000 ரூபாயை இரண்டு தவணையாக வாங்கிக்கொண்டார். எலக்ட்ரீஷியன் வேலை, சம்பளம் 1,500 ரியால் என்றார். விமான நிலைய வாசலில் வைத்து ஒரு கவரைக் கையில் திணித்துவிட்டு, “உள்ளே போய்ப் பாருங்க தம்பி, நேரமாச்சு” என்று அனுப்பிவிட்டார். இருக்கையில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம் 900, சாப்பாட்டுக்கு 200. அந்த 90,000 மூன்று வட்டிக்கு வாங்கிய பணம். மாதம் 2,700 ரூபாய் வட்டிக்கே போக வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டபடியே ரியாத் போய்ச் சேர்ந்தேன்.

ஒன்பது வருடம் அங்கே ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய பிறகு, அக்கம்பக்கத்துப் பையன்கள் ஆபர் லெட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். சவுதி, துபாய், கத்தார், ஓமன், குவைத், பஹ்ரைன் ஆகிய இடங்களுக்கு இரண்டு வருடக் கான்ட்ராக்டில் போகிறவர்களுக்கானது இது. சிங்கப்பூருக்கு டெஸ்ட் அடித்துப் போவது வேறு பாதை, வேறு சட்டம். அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஏஜென்சி யாருடைய ஆள்?

இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. அங்கே உள்ள கம்பெனிக்கு ஐம்பது பேர் தேவை என்றால், எந்த வேலைக்கு எத்தனை பேர், என்ன சம்பளம் என்று எழுதி ஒரு டிமாண்ட் லெட்டர் கொடுக்கும். தன் சார்பில் ஆள் எடுக்கும் அதிகாரத்தையும் எழுத்தில் கொடுக்கும். இந்த இரண்டு தாளையும் வைத்துக்கொண்டுதான் இங்குள்ள ஏஜென்சி விளம்பரம் போடுகிறது. அதாவது ஏஜென்சிக்கு வாடிக்கையாளர் அந்தக் கம்பெனிதான், நீங்கள் அல்ல. குறித்த தேதிக்குள் ஐம்பது பேரை அனுப்புவதுதான் அவர்கள் கவலை. கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. நேர்மையாகத் தொழில் செய்கிற ஏஜென்சிகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் “இந்தச் சம்பளம் உங்கள் கடனுக்குக் கட்டுமா?” என்று அவர்கள் யோசிக்க மாட்டார்கள். அதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

இந்த ஏஜென்சிக்கும் உங்களுக்கும் நடுவில் ஒருவர் வருவார். சப் ஏஜென்ட். பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர், சில நேரம் மாமன் மச்சான் முறைகூட இருக்கும். 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாத யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. சப் ஏஜென்ட் என்ற ஒருவருக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. ஆனால் எங்கள் புதுக்கோட்டைப் பக்கமும் ராமநாதபுரம் பக்கமும் ஊருக்கு ஊர் அவர்கள் இல்லாமல் இல்லை. அவரிடம் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. வேலை இருக்கிறது என்று அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வி இதுவாக இருக்கட்டும்: “எந்த ஏஜென்சி அண்ணே? நானே சென்னைக்குப் போய் ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடுறேன்.” பெயரைச் சொல்கிறவர் பரவாயில்லை. “அதெல்லாம் உனக்கு எதுக்கு, நான் இருக்கேன்ல?” என்கிறவரிடம் டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

லைசென்ஸ் பார்ப்பது பத்து நிமிட வேலை

மத்திய வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்ற ஏஜென்சிகளின் பட்டியல் இருக்கிறது. பெயரைப் போட்டுத் தேடினால் உரிமம் நடப்பில் உள்ளதா, காலாவதியா, ரத்தா என்று தெரிந்துவிடும். போன் இருக்கிற யாரும் பார்க்கலாம்.

பெயர் இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இப்போதைய ஏமாற்று எப்படி என்றால், உண்மையான ஏஜென்சியின் பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் அப்படியே எடுத்து, கீழே தன் வாட்ஸ்அப் எண்ணைப் போட்டு விளம்பரம் விடுகிறார்கள். அதனால் விளம்பரத்தில் உள்ள எண்ணுக்கு அடிக்காமல், இ-மைக்ரேட்டில் உள்ள முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எடுத்து அங்கே பேசுங்கள். “உங்கள் பெயரில் இப்படி ஒரு விளம்பரம் வந்திருக்கிறது, உங்களுடையதுதானா?” என்று கேட்டாலே போதும்.

லைசென்ஸ் என்றால் சுவரில் மாட்டும் ஒரு தாள்தானே என்று நினைக்கலாம். அதை வாங்க ஏஜென்சி 50 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் கொடுத்திருக்க வேண்டும். சிறிய அளவில் ஆள் எடுப்பவர்களுக்கு இது 8 லட்சம். நாளை ஏதாவது தகராறு என்றால் அரசாங்கம் பிடிக்க ஒரு குடுமி இருக்கிறது என்று அர்த்தம். ஊர் டிராவல்ஸ்காரருக்கு அப்படி எதுவும் கிடையாது. என் 90,000 பற்றிப் பிறகு நான் விசாரிக்கப் போனபோது அந்த போர்டே இல்லை. அங்கே ஒரு செல்போன் கடை இருந்தது.

சென்னை கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. 1978இல் தொடங்கியது. அதுவும் ஆள் எடுக்கும் ஏஜென்சிதான், ஆனால் அரசாங்கத்துடையது. தனியாருக்கு வருகிற அளவு வேலை அங்கே வராது, வந்தாலும் மெதுவாக நடக்கும். அதற்காகப் பதிந்துவைக்காமல் விட வேண்டாம்.

முதல் பேச்சு, இன்டர்வியூ, டிரேட் டெஸ்ட்

ஏஜென்சிக்குப் போன் அடித்தால் எடுக்கிறவர் அவசரத்தில் இருப்பார். அதனால் கேள்விகளை முதலிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனி பெயர் என்ன? வேலை அந்தக் கம்பெனியின் சைட்டிலா, இல்லை அது மேன்பவர் சப்ளை கம்பெனியா? பேசிக் எவ்வளவு? டூட்டி எட்டு மணி நேரமா, பத்தா? சாப்பாடு கம்பெனியா, கையில் காசா? டிக்கெட் யார் போடுவார்கள்? சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு?

சப்ளை கம்பெனி என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். அவர்கள் உங்களை எடுத்து, தேவைப்படும் கம்பெனிகளுக்கு வாடகைக்கு அனுப்புவார்கள். ஒரு சைட் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை ரூமில் உட்கார வைப்பார்கள். அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ‘மாதச் சம்பளம்’ என்று தாளில் இருந்தால் ஒரு பிடி இருக்கும். ‘வேலை செய்த மணி நேரத்துக்கு’ என்று இருந்தால் ரூமில் படுத்திருக்கும் நாளெல்லாம் நம் தலையில்தான்.

பேசிக் கேட்கும்போது பதில் பெரும்பாலும் மொத்தமாகத்தான் வரும். “ஓட்டியோட சேர்த்து 1,400 வரும் தம்பி.” ஓட்டி என்றால் ஓவர்டைம். விடாதீர்கள். “ஓட்டி இல்லாம எவ்வளவு சார்?” என்று கேளுங்கள். ஏன் என்பதற்குக் கீழே கணக்கு இருக்கிறது.

இன்டர்வியூவுக்குக் கம்பெனி ஆளே வந்தால் நல்லது. ஏஜென்சிக்காரர் பக்கத்தில் இருந்தாலும் சம்பளத்தைக் கம்பெனி ஆளிடமே கேட்டுவிடுங்கள். இங்கிலீஷ் வரவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். “பேசிக்? ஃபுட்? டூட்டி அவர்ஸ்?” என்று மூன்று வார்த்தை போதும். அவர் வாயால் சொன்னதை வெளியே வந்ததும் தேதியோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். டிரேட் டெஸ்டில் தெரியாததைத் தெரியும் என்று சொல்லி, இல்லாத அனுபவச் சான்றிதழை ஏஜென்சியே அடித்துக் கொடுத்து அனுப்பும் பழக்கம் இருக்கிறது. அங்கே போய்ப் பேனலைத் திறந்ததும் ஃபோர்மேன் கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் எலக்ட்ரீஷியன் ஹெல்பராகிவிடுவார், சம்பளமும் ஹெல்பர் சம்பளம்தான்.

சவுதிக்கு எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர் போன்ற தொழில்களில் போகிறவர்களுக்கு இப்போது அந்த நாட்டின் திறன் தேர்வு இருக்கிறது. அதை இங்கேயே எழுதித் தேற வேண்டும். இதைத் தவிர்க்கச் சிலர் “லேபர் விசாவில் போயிடு, அங்கே போய் மாத்திக்கலாம்” என்பார்கள். விசாவில் எந்தத் தொழில் இருக்கிறதோ அதுதான் அங்கே நீங்கள். மாற்றித் தருவது கம்பெனியின் இஷ்டம்.

ஒரே கம்பெனிக்கு இரண்டு ஏஜென்சி வழியாகப் பெயர் கொடுக்காதீர்கள். இரண்டு பயோடேட்டா போய்ச் சேர்ந்தால் யார் ஆள் என்ற தகராறில் இரண்டும் குப்பைக்குப் போகும். வேறு வேறு கம்பெனிக்கு எத்தனை ஏஜென்சியிலும் கொடுக்கலாம்.

ஆபர் லெட்டரைப் படிப்பது

போன வருடம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் துபாய் ஆபர் ஒன்றைக் கொண்டுவந்தான். சந்தோஷமாக இருந்தான். “1,400 திர்ஹாம்ணே” என்றான். தாளை வாங்கிப் பார்த்தேன். பேசிக் 800 திர்ஹாம். கீழே ‘ஓவர்டைம் சட்டப்படி’. 1,400 என்ற எண் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 800ஐ முப்பது நாளுக்கு வகுத்து, எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 3.33 திர்ஹாம். அமீரகச் சட்டப்படி சாதாரண நாள் ஓவர்டைமுக்கு 25 சதவீதம் கூடுதல். ஆக, மணிக்கு 4.17. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் வாங்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். 26 நாள், நாளைக்கு இரண்டு மணி நேரம் என்றால் 52 மணி நேரம். 217 திர்ஹாம் வருகிறது. பேசிக்கோடு சேர்த்தால் 1,017. அதுவும் மாதம் முழுக்க ஓட்டி கிடைத்தால். 1,400 வர வேண்டுமானால் மாதம் 144 மணி நேரம், அதாவது நாளைக்கு ஐந்தரை மணி நேரம் கூடுதலாக உழைக்க வேண்டும். எட்டு மணி நேர டூட்டிக்கு மேல். துபாய் வெயிலில்.

அவன் முகம் வாடிவிட்டது. போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1,017ஐ வைத்துக் கணக்குப் போடு, கட்டுபடியானால் போ என்றேன். கணக்குப் போட்டுவிட்டு அவன் அந்த ஆபரை விட்டுவிட்டான். நான்கு மாதம் கழித்து பேசிக் 1,100க்கு வேறொன்று வந்தது.

இந்தக் கணக்கை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஓட்டி மட்டுமல்ல, கான்ட்ராக்ட் முடிந்து வரும்போது கிடைக்கும் பணமும் பேசிக்கை வைத்துத்தான் பல இடங்களில் கணக்கிடப்படுகிறது. பேசிக்கைக் குறைத்து, அலவன்ஸ் என்று நாலைந்து வரி போட்டு மொத்தத்தை ஏற்றிக் காட்டுவது பழைய வித்தை.

தாளில் பேசிக் தவிர இன்னும் சில இடங்களில் கண் போக வேண்டும். தங்குமிடம் இலவசம் என்று எழுதியிருக்கிறதா? மருத்துவம் யார் செலவு? புரொபேஷன் எவ்வளவு நாள்? அமீரகத்தில் அது ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. லீவு எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை, டிக்கெட்டோடா? நடுவில் விட்டால் அபராதம் என்று ஏதாவது வரி இருக்கிறதா? அப்படி இருந்தால் எவ்வளவு என்று எண்ணில் இருக்கிறதா, இல்லை ‘கம்பெனி விதிப்படி’ என்று மொட்டையாக இருக்கிறதா?

கத்தாருக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் எளிது. அங்கே 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். சாப்பாடு கம்பெனி தராவிட்டால் 300, தங்குமிடம் தராவிட்டால் 500 சேர்த்துத் தர வேண்டும். இதற்குக் கீழே எழுதியிருந்தால் அந்தத் தாளை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். சென்னையிலேயே கத்தார் விசா மையம் இருக்கிறது. மெடிக்கல், கைரேகை, கான்ட்ராக்டில் கையெழுத்து எல்லாம் அங்கேதான். கான்ட்ராக்டைப் படித்துப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வரிசையில் பின்னால் நிற்பவர் முறைக்கிறாரே என்று அவசரப்பட வேண்டாம். ஏஜென்சி சொன்ன சம்பளம் அங்கே திரையில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள்.

அமீரக ஆபர் லெட்டர் அரபி, இங்கிலீஷோடு தொழிலாளிக்குத் தெரிந்த ஒரு மொழியிலும் கிடைக்கும். அந்த நாட்டுத் தொழிலாளர் அமைச்சகம் அனுமதித்திருக்கும் பதினொரு மொழிகளில் தமிழும் ஒன்று. இது பல பேருக்குத் தெரியாது. “தமிழ்ல உள்ள ஆபர் வேணும்” என்று ஏஜென்சியில் கேளுங்கள். முதல்முறை கேட்கும்போது சிரிப்பார்கள். பரவாயில்லை, இரண்டாவது முறையும் கேளுங்கள்.

ஏஜென்சியின் லெட்டர்ஹெட்டில் அடித்துக் கொடுப்பது ஆபர் லெட்டர் அல்ல. கம்பெனி பெயர், கம்பெனி சீல், கையெழுத்து இருக்க வேண்டும்.

காசு: எவ்வளவு, எப்போது, எப்படி

இந்தியச் சட்டப்படி ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் அதிகபட்சம் 30,000 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 5,400. ஆக மொத்தம் 35,400. ரசீது கட்டாயம். இந்த எண்ணை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். அமீரகச் சட்டமும் கத்தார் சட்டமும் இன்னும் ஒரு படி மேலே போய், ஆள் எடுக்கும் செலவு கம்பெனியுடையது, தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்கின்றன. பெரிய கம்பெனிகள் சில உண்மையிலேயே ஒரு பைசா வாங்காமல் எடுக்கின்றன. அப்படிப்பட்ட விளம்பரம் வரும்போது கூட்டம் அலைமோதும், டெஸ்டும் கறாராக இருக்கும். முதலில் அங்கே முட்டிப் பாருங்கள்.

சட்டம் அப்படி, நடப்பு எப்படி? 80,000, ஒரு லட்சம் என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். “விசா காசு, டிக்கெட் காசு, மெடிக்கல், ஸ்டாம்பிங்” என்று பிரித்துச் சொல்வார்கள். நான் சொல்வது இதுதான். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். “டிக்கெட் கம்பெனி தருதுன்னு ஆபர்ல இருக்கே சார், அப்புறம் இது என்ன?” என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதுமே தொகை குறைந்த கதைகள் உண்டு. 35,400க்கு மேல் ஒரு ரூபாய்க்கும் ரசீது வராது. ஏனென்றால் ரசீது கொடுத்தால் மாட்டிக்கொள்வார்கள். ரசீது இல்லாத பணத்தைத் திரும்பக் கேட்க உங்கள் கையில் எதுவும் இருக்காது. இது தெரிந்தும் கொடுப்பதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் இப்போது போவதாக இருந்தால் கொடுக்க மாட்டேன்.

கொடுக்கும் பணம் ஏஜென்சியின் வங்கிக் கணக்குக்கு மட்டும் போகட்டும். ஆபீசில் இருக்கும் பெண்ணின் ஜிபேவுக்கோ, ‘மேனேஜர் சாரின்’ சொந்தக் கணக்குக்கோ போடாதீர்கள். இன்டர்வியூவுக்கு உட்காரவே காசு, பெயர் பதியக் காசு என்று கேட்டால் அங்கேயே எழுந்துவிடலாம். ஆபர் லெட்டர் கைக்கு வந்து, படித்து, விசா நகல் வந்து, அதில் உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் தொழிலும் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு பெரிய தொகையைக் கட்டுங்கள். “இன்னிக்கே கட்டலைன்னா சீட் போயிடும்” என்பது பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றுகிறவர் போடும் சத்தம் மாதிரி. வண்டி பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருக்கும்.

கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றால் முதலில் வட்டியைக் கழித்துப் பாருங்கள். என் கதையில் மாதம் 2,700 வட்டி. அன்றைய ரியால் மதிப்பில் அது 200 ரியாலுக்கு மேல். 900 ரியால் பேசிக்கில் 200 அப்படியே போனால், மீதியில் சாப்பிட்டு, போன் கார்டு வாங்கி, வீட்டுக்கு என்ன அனுப்புவது? முதல் வருடம் முழுக்க நான் உழைத்தது ஊரில் வட்டிக்குக் கொடுத்தவருக்குத்தான்.

பாஸ்போர்ட்

ஒரிஜினல் பாஸ்போர்ட்டை இன்டர்வியூ அன்றே வாங்கிவைத்துக்கொள்ளும் ஏஜென்சிகள் உண்டு. நீங்கள் வேறு இடத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதைப் பிணையாகப் பிடித்துவைக்க யாருக்கும் உரிமை இல்லை. நகலைக் கொடுங்கள். விசா ஸ்டாம்பிங்குக்கு ஒரிஜினல் தேவைப்படும்போது கொடுக்கத்தான் வேண்டும். அப்போது எண், தேதி, எதற்காக என்று எழுதி, சீல் போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். “இல்லை, வேண்டாம்” என்று நீங்கள் மனம் மாறி, பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டால் 10,000 கொடு, 20,000 கொடு என்பார்கள். அது மிரட்டல்தான். போலீசில் புகார் கொடுப்பேன் என்று சொன்னால் பெரும்பாலும் மறுநாள் கைக்கு வந்துவிடும்.

ஆனால் ஒன்று. விசா ஸ்டாம்பிங் முடிந்த பிறகு காரணமில்லாமல் பின்வாங்குவது நமக்கும் அழகல்ல. அதற்கு அவர்கள் செலவு செய்திருப்பார்கள். யோசிப்பதையெல்லாம் ஆபர் கையில் வரும்போதே யோசித்து முடித்துவிடுங்கள்.

கத்தாருக்கு மெடிக்கல் விசா மையத்திலேயே முடிந்துவிடும். மெடிக்கல் கேட்கும் மற்ற கல்ஃப் நாடுகளுக்கு, வாஃபித் என்ற கல்ஃப் நாடுகளின் மருத்துவப் பரிசோதனை அமைப்பில் பதிவான மையங்களில்தான் எடுக்க வேண்டும். எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு இருந்தால்கூட அன்ஃபிட் போட்டுவிடுவார்கள். அப்படிச் சந்தேகம் இருந்தால் ஊரிலேயே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு காசு செலவழியுங்கள். இப்போது இருக்கும் வேலையை மெடிக்கல் ஃபிட் ஆனதும் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. விசா ஸ்டாம்ப் ஆகி, டிக்கெட் தேதி வரும்வரை விடாதீர்கள். ‘இந்த வாரம்’ என்று சொன்னது மூன்று மாதம் ஆனதை நானே பார்த்திருக்கிறேன்.

விசிட் விசாவில் ஏறாதீர்கள்

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட் இசிஆர் வகை. கல்ஃப் நாடுகள் ஆறும், மலேசியா, தாய்லாந்து, இராக், ஜோர்டான் போன்றவையும் சேர்ந்து 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். இது இ-மைக்ரேட் வழியாகவே வருகிறது. அனுமதி வாங்கும்போது கான்ட்ராக்டும் அரசுப் பதிவில் ஏறிவிடுகிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடமானாலோ 10 லட்சம். பாலிசி எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். காப்பீடு இருப்பதே குடும்பத்துக்குத் தெரியாவிட்டால் யார் போய்க் கேட்பார்கள்?

பத்தாவது, ஐடிஐ, டிப்ளமா படித்தவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை. நல்லதுதானே என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாளைச் சரிபார்க்க ஏர்போர்ட்டில் நிற்கும் அந்த ஒரு தடுப்பும் அவர்களுக்கு இல்லை. அதனால்தான் “டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாத்திடுவாங்க” என்ற பேச்சு அவர்களிடம்தான் அதிகம் நடக்கிறது. விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கக்கூடப் போக முடியாது. முதலில் உள்ளே போவது நாமாகத்தான் இருக்கும். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று டூரிஸ்ட் விசாவில் போன தமிழ் இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கடத்திக்கொண்டு போய், இணைய மோசடி வேலையில் அடைத்துவைத்தார்கள். 2022இல் அவர்களை மீட்டு வந்தார்கள். அவர்களும் படித்த பையன்கள்தான்.

‘ஃப்ரீ விசா’ என்று ஒன்று சொல்வார்கள். கபீல், அதாவது அங்குள்ள ஸ்பான்சர், பெயருக்கு விசா தருவார், நீங்கள் எங்கே வேண்டுமானாலும் வேலை செய்துகொள்ளலாம் என்று. சட்டத்தில் அப்படி ஒரு விசாவே கிடையாது. வேறு இடத்தில் வேலை செய்து பிடிபட்டால் நேராக ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஃப்ரீ என்ற பெயருக்கே லட்சக்கணக்கில் விலை சொல்வார்கள்.

கிளம்புகிற வாரமும் இறங்கிய வாரமும்

புறப்படும் முன் ஒருநாள் பயிற்சி வகுப்பு இருக்கிறது, இலவசம். போகிற நாட்டின் சட்டம், தூதரக எண் எல்லாம் சொல்லித் தருவார்கள். போய் உட்காருங்கள்.

ஆபர் லெட்டர், கான்ட்ராக்ட், விசா, பணம் கட்டிய ரசீது, பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து மனைவிக்கோ தம்பிக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்துவிடுங்கள். அங்கே போன் தொலைந்தாலும் இங்கே இருக்கும். எனக்கு நடந்தது போல ஏர்போர்ட் வாசலில் புதிதாக ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டால், அங்கேயே பழைய தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விமானத்தில் போய்ப் படித்துப் பயனில்லை.

இறங்கிய வாரத்தில் கம்பெனி இன்னொரு கான்ட்ராக்டை நீட்டக்கூடும். சம்பளம் குறைந்திருந்தால் கையெழுத்துப் போடாமல் ஊரில் வாங்கிய தாளைக் காட்டுங்கள். சவுதியில் இக்காமா (குடியிருப்பு அட்டை) கைக்கு வந்ததும் அந்நாட்டு அரசின் கிவா (Qiwa) தளத்தில் உங்கள் கான்ட்ராக்ட் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்க்கலாம். அமீரகத்தில் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆப்பில் பார்க்கலாம். பக்கத்து ரூம்காரர் யாராவது சொல்லித் தருவார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

தகராறு என்றால் முதலில் எழுத்தில் ஏஜென்சிக்குச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் மெசேஜும் எழுத்துதான். வாய்ஸ் மெசேஜாக அனுப்பாமல் தட்டச்சு செய்து அனுப்புங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு இ-மைக்ரேட்டிலேயே ஏஜென்சி மேல் புகார் பதியலாம். கம்பெனி மேல் என்றால் வெளியுறவுத் துறையின் ‘மதத்’ (MADAD) என்ற புகார்த் தளமும் இந்தியத் தூதரகமும் இருக்கின்றன. வெளியுறவுத் துறை உதவி மையத்தின் இலவச எண் 1800 11 3090. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறைக்கு 1800 309 3793. இந்த இரண்டும் இந்தியாவுக்குள்ளிருந்து அழைக்க. அதனால் இவற்றை உங்கள் போனில் மட்டும் வைத்துக்கொண்டு போனால் பிரயோஜனமில்லை. வீட்டில் காலண்டருக்குப் பின்னால் எழுதிவைத்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே நீங்கள் சிக்கலில் இருக்கும்போது இங்கிருந்து அடிக்கப்போவது அம்மாவோ மனைவியோதான்.